வாகன மருத்துவம்: கணவாயில் திணறும் மாருதி

கேள்வி: 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஆறு மாதம் தோட்டத்துக் கொட்டகையில் சும்மா நின்றது. இப்போது ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டித் திணறுகிறது. மூன்று ஸ்பார்க் பிளக்கும் வெளியே துருவேறியிருக்கின்றன. கார்புரேட்டரைப் பிரிக்கவேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பிளக்கைப் பாருங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பிளக் நுனியில் பொறி தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் முடியளவு விரிசல் இருந்தால் மின்சாரம் அந்தச் சுலபமான வழியிலேயே பிளக்கின் உலோக உடம்புக்கு இறங்கிவிடும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் அழுத்தம் குறைவு. அதனால் அதே பிளக் அங்கே ஒழுங்காக எரியும். வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி சத்தம் கேட்கும் சோதனை இந்தக் காரணத்தால்தான் உங்களுக்கு உதவாது. கையில் ஷாக் அடிப்பதுதான் மிச்சம்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். வயர்களிலும் 1, 2, 3 என்று டேப் ஒட்டுங்கள். மாற்றிச் செருகினால் வண்டி கிளம்பாது. ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணத்தில் மட்டும் துரு என்றால் பெரிய குற்றமில்லை. மரையிலும் வாஷர் உட்காரும் இடத்திலும் துரு இருந்தால்தான் கெடுதல்: அழுத்தம் கசியும், பிளக்கின் சூடு அது மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்காது.

பிறகு பீங்கானைத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். உலோகத்தை ஒட்டி வளையமாகப் பழுப்புக் கறை இருந்தால் பயப்படவேண்டாம். நல்ல பிளக்கிலும் அது வரும். மேலிருந்து கீழாக பென்சில் கோடு போலக் கறுப்பாக ஓடினால் பொறி வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது என்று அர்த்தம். அந்த பிளக்கோடு அதன் ரப்பர் கேப்பையும் மாற்றுங்கள். கேப்புக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தாலும் அப்படியே. மல்டிமீட்டரில் பிளக்கின் தலைக்கும் உடம்புக்கும் தொடர்பே காட்டக்கூடாது. காட்டவில்லை என்பதற்காக விரிசல் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. மீட்டரின் சிறிய பேட்டரிக்கு விரிசலைத் தாண்டும் சக்தி கிடையாது.

மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கும்படி, வளைந்த வெளிமுனையை மட்டும் தட்டிச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் கணவாயில் வெட்டினால், இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கிட்டே கை கொண்டுபோகாமல் வயர்களைக் கவனியுங்கள். நீலப் பொறி தெறிக்கும் வயர் செத்த வயர். அங்கேயும் குறை இல்லையென்றால் மெக்கானிக் சொன்ன கார்புரேட்டருக்குப் போகலாம்.

கேள்வி: பழைய காரில் ஒரு பிளக் துருப்பிடித்து இறுகிவிட்டது. நீளமான பைப் மாட்டித் திருப்பலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: கூடாது. ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. பலம் கொடுத்தால் அலுமினிய மரைதான் உரிந்து வரும். முதலில் பிளக் குழியில் இருக்கும் மண்ணையும் துருத்தூளையும் காற்றடித்து ஊதுங்கள். துருநீக்கி எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டுங்கள். இறுகும் இடத்தில் நிறுத்தி மறுபடி எண்ணெய் விடுங்கள். ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்தால் பீங்கான் உடையும். ஒரு துண்டு உள்ளே விழுந்த சந்தேகம் இருந்தாலும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்; சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். வேக்குவம் கிளீனரில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி எடுக்கவேண்டும். மரை போயிருந்தால் லேத் பட்டறையில் 14 மி.மீ., 1.25 பிட்ச் மரைச்சுருள் போட்டுத் தருவார்கள்; ஹெட்டை மாற்றத் தேவையில்லை.

புது பிளக்கை ஸ்பேனரால் தொடங்காதீர்கள். பிளக் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்துச் சுற்றுங்கள். மரை தப்பாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். வாஷர் தொட்டபின் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் போதும்.

கேள்வி: கரி படிந்த பிளக்கை உப்புத்தாளில் தேய்க்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். உப்புத்தாளின் தூள் பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே போய் ஒட்டிக்கொள்ளும். நுனியை மட்டும் பித்தளை பிரஷால் லேசாகத் தேய்த்து ஊதுங்கள். உலர்ந்த கரி என்றால் கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக் மூடியே நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். பிளக்கை எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும்.