குறளும் ஒப்பிக்கிறான், கையெழுத்தும் போடுகிறான்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்மை அதிகாரத்தின் பத்துக் குறளையும் சொல்வான். பள்ளியில் பரிசும் வாங்கியிருக்கிறான். போன மாதம் கணக்கில் 11 மார்க். அந்தப் பேப்பரில் அப்பா கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்துவிட்டான். கேட்டால் 'பேப்பரே தரலை' என்று சாதித்தான். அவர் அடித்துவிட்டார். லீவில் நல்லொழுக்க வகுப்புக்கு அனுப்பினால் திருந்துவானா?

பதில்: அனுப்புங்கள், நாலு கதை கேட்டுவிட்டு வருவான். இந்தக் கையெழுத்து விவகாரம் அதில் தீராது. பொய் தப்பு என்று தெரியாமலா அவன் பொய் சொன்னான்?

1920களில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். காப்பியடிக்கவும் காசு எடுக்கவும் வாய்ப்புக் கொடுத்துவிட்டுக் கவனித்தார்கள். எது சரி என்று சொல்லத் தெரிவதற்கும் அப்படி நடப்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. அதனால் 'பொய்யன்' என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவருகிறானா? அப்படியென்றால் அவனுக்குப் பொய் தேவைப்படுவது கணக்குப் பேப்பர் வரும் நாளில் மட்டும்தான்.

அடி பற்றி. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடி விழும் ஒரு பள்ளி, அடி இல்லாத ஒரு பள்ளி என இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். 'திரும்பிப் பார்க்காதே' என்று சொல்லி, பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். பார்த்துவிட்டுப் 'பார்க்கலை' என்றவர்கள் அடி விழும் பள்ளியில்தான் அதிகம். துருவிக் கேட்டபோது மாட்டிக்கொள்ளாமல் சமாளிக்கவும் அவர்களுக்கே நன்றாக வந்தது. அடி பொய்யை நிறுத்தவில்லை, நன்றாகப் பொய் சொல்லப் பழக்கியது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்காதீர்கள். பேப்பரைப் பார்த்த பிறகு 'பேப்பர் தந்தாங்களா?' என்று கேட்பது பொய்க்குப் பாய் விரிப்பது. 'பேப்பரைப் பாத்தேன்டா. அது அப்பா கையெழுத்து இல்ல. காட்டப் பயமா இருந்துச்சா?' என்று நேராக ஆரம்பியுங்கள். மார்க்கைப் பற்றி அன்றைக்குப் பேச்சே வேண்டாம். 11 மார்க்குக்குத் தேவை கணக்கில் அரை மணி நேரப் பயிற்சி. கையெழுத்துக்குத் தேவை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், மார்க் குறைந்ததுதான் தன் குற்றம் என்று நினைத்துக்கொள்வான்.

கையெழுத்துக்கு அவனே பரிகாரம் செய்யட்டும். அப்பா கூடப் போகட்டும், வகுப்பாசிரியரிடம் அவன் வாயால் சொல்லட்டும். முன்கூட்டியே ஆசிரியருக்குப் போன் செய்து, வகுப்பு முன்னால் வைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பண்பு இப்படித்தான் பழக்கமாகிறது; நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிக்க முடியாதே.

சங்கடமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கடன்காரர் போன் செய்தால் 'அப்பா குளிக்கிறாருன்னு சொல்லு' என்று அவனிடம் போனை நீட்டுவதுண்டா? 12 முடிந்த பிறகும் பஸ்ஸில் 'பதினொண்ணுன்னு சொல்லுடா' என்று அரை டிக்கெட் எடுத்ததுண்டா? எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். குறளைவிட அந்த டிக்கெட் அவனுக்கு நன்றாக நினைவிருக்கும். இனி முழு டிக்கெட் எடுங்கள், அவன் பார்க்கும்படி.

காங் லீ குழுவினர் 2014இல் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதைகள் சொல்லிப் பார்த்தார்கள். பொய் சொன்னவன் கெட்டழிந்த கதைகள் பலிக்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய பையனின் கதைக்குப் பலன் இருந்தது. உங்கள் மகன் வளர்ந்தவன், அவனுக்குக் கதை போதாது. அடுத்த பேப்பர் 14 மார்க்கோடு வரலாம். அவனே அதை நீட்டினால், 'காட்டினியே, அது போதும்' என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பிறகு சாப்பாடு. தப்பாகப் போன கணக்குகளை மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.