பழைய சர்வரில் ஓட வேண்டுமென்றால் எங்கே கம்பைல் செய்வது?

கேள்வி: உபுண்டு 24.04 லேப்டாப்பில் ஒரு சி++ புரோகிராமை கம்பைல் செய்தேன். அங்கே நன்றாக ஓடுகிறது. டெபியன் 11 சர்வரில் போட்டால் 'ஜிலிப்சி 2.38 நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஆல்பைன் கன்டெய்னரில் ஃபைல் கண்ணெதிரே இருந்தும் 'நாட் ஃபவுண்ட்' என்றே வருகிறது. ஒரே பைனரியை (கம்பைல் செய்து கிடைத்த ஃபைலை) மூன்றிலும் ஓட்ட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில் டெபியன். ஜிலிப்சி என்பது உபுண்டு, டெபியன் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. பழைய ஜிலிப்சியில் கட்டிய பைனரி புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. உபுண்டு 24.04இல் இருப்பது 2.39, டெபியன் 11இல் 2.31. நீங்கள் புதிய வசதி எதையும் தொட்டிருக்க வேண்டியதே இல்லை. எழுத்தை எண்ணாக மாற்றும் சாதாரண ஃபங்ஷனை அழைத்தாலே போதும்: 2.38 முதல் ஹெடர் ஃபைல் அந்த அழைப்பை, சி23 தரத்துக்கென வந்த வேறொரு பெயருக்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பெயர் பழைய சர்வரில் கிடையாது. வெறும் மெயின் மட்டும் உள்ள புரோகிராமை உங்கள் லேப்டாப்பில் கம்பைல் செய்தாலும் 2.34 கேட்கும்.

ஆகவே டாக்கரில் டெபியன் 11 கன்டெய்னரை எடுத்து, உள்ளேயே கம்பைலரை நிறுவிக் கட்டுங்கள். கட்டியதும், பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கட்டளையை பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனோடு ஓட்டி, ஜிலிப்சி என்று வரும் வரிகளைப் பாருங்கள். மிகப் பெரிய எண் 2.31ஐத் தாண்டக் கூடாது. சர்வருக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப்பிலுள்ள ஜிலிப்சி ஃபைலை சர்வரில் காப்பி செய்து மேலெழுதும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சர்வரின் எல்லா புரோகிராமும் அதை நம்பித்தான் இருக்கிறது. 'எல்எஸ்' கூட ஓடாமல் போய், உள்ளே நுழையவே வழியில்லாமல் ஆகிவிடலாம்.

ஆல்பைனில் நடப்பது இது. உங்கள் பைனரிக்குள் டைனமிக் லோடரின் (புரோகிராம் தொடங்கும்போது அதற்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றும் ஃபைலின்) பாதை எழுதப்பட்டிருக்கிறது. ஆல்பைன் பயன்படுத்துவது ஜிலிப்சி அல்ல, மசல் என்ற வேறொரு சி லைப்ரரி. அந்தப் பாதையில் லோடர் இல்லை. 'நாட் ஃபவுண்ட்' என்பது அதைப் பற்றித்தான், உங்கள் ஃபைலைப் பற்றியல்ல. 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்தால் 'இன்டர்ப்ரெட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பாதை தெரியும்.

மூன்றுக்கும் ஒரே பைனரி வேண்டுமானால் ஆல்பைன் கன்டெய்னருக்குள், லைப்ரரிகளையும் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிடும் 'ஸ்டாட்டிக்' ஆப்ஷனோடு கட்டுங்கள். லோடர் தேவைப்படாது. ஆனால் மசலில் ஒரு த்ரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாக் 128 கிலோபைட்தான். ஜிலிப்சியில் வழக்கமாக 8 மெகாபைட். த்ரெட்டுக்குள் ஆழமான ரிகர்ஷன் இருந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். லிங்கருக்கு ஸ்டாக் அளவை 1 அல்லது 2 மெகாபைட் என்று சொல்லிவிடுங்கள். ஓடும்போது பிளகின் ஏற்றும் புரோகிராமுக்கு ஸ்டாட்டிக் வழி ஒத்துவராது. அப்போது ஆல்பைனுக்குத் தனியாக ஒன்று கட்டத்தான் வேண்டும்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று வந்தால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் வேறு. ஏஆர்எம் இயந்திரத்துக்குத் தனி பைனரி வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் டாக்கர் வைத்துக் கட்டுபவர்கள் பிளாட்ஃபார்மைக் குறிப்பிட மறந்தால் ஏஆர்எம் பைனரிதான் வெளியே வரும்.