மூணு வார ஸ்பிரின்ட் போடலாமா?

சார் வணக்கம், எங்க சாஃப்ட்வேர் டீம்ல ஆறு மாசமா ரெண்டு வார ஸ்பிரின்ட்தான், அதாவது ரெண்டு வாரத்துக்கு இவ்ளோ வேலைன்னு எடுத்து முடிக்கற முறை. மொத ஸ்பிரின்ட்ல டேட்டாபேஸ், அடுத்ததுல ஸ்கிரீன், அதுக்கப்புறம் டெஸ்டிங்னு பிரிச்சு வச்சிருக்கோம். ஆனா ஒவ்வொரு தடவையும் பாதி வேலை அடுத்ததுக்கு தள்ளிப்போகுது, மேனேஜர் "நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க"ங்கறார். மூணு வாரமா மாத்தினா சரியாயிடுமா?

ஒரு வாசகர்

வணக்கம். மூணு வாரமாக்கினா மூணு வாரத்துக்கு ஒருக்கா தள்ளிப்போகும், அவ்ளோதான் :)

உங்க சிக்கல் நாள் கணக்குல இல்லைங்க, வேலைய வெட்டுற விதத்துல இருக்கு. நீங்க பண்றது ஒரு கட்டம் முழுசா முடிஞ்சாதான் அடுத்த கட்டம்ங்கற பழைய வாட்டர்ஃபால்தான், அதத் துண்டு போட்டு ஸ்பிரின்ட்னு பேர் வச்சிருக்கீங்க. 1970ல வின்ஸ்டன் ராய்ஸ்ங்கற அமெரிக்க சாஃப்ட்வேர் நிபுணர் அந்தப் படிப்படியான படத்தப் போட்ட கட்டுரையிலயே, டெஸ்டிங் கடைசியில வர்றதால இது ஆபத்துன்னு எழுதிட்டார், படத்த மட்டும் பாத்துட்டு எல்லாரும் பக்கத்த மூடிட்டாங்க போல.

பணம் கட்டுற வசதி செய்றீங்கன்னு வைங்க. மொத ஸ்பிரின்ட்ல கார்டு மட்டும் போதும், ரீஃபண்ட் வேணாம், தள்ளுபடி வேணாம், ஆனா அந்த ஒண்ணு டேட்டாபேஸ்ல ஆரம்பிச்சு டெஸ்டிங் வரைக்கும் முழுசா முடிஞ்சு, ஸ்பிரின்ட் கடைசியில முடிச்சதக் காட்டுற ரிவ்யூல பயன்படுத்தப்போறவங்க கையால தட்டிப் பாக்கணும். அவங்க "இந்த பட்டன் எங்க இருக்குன்னே தெரியல"ன்னா அடுத்த பிளான் அங்கயே மாறிடும். அப்படி மாறலன்னா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உக்காந்து பிளான் போடுறதே தண்டம்.

எவ்ளோ எடுக்கறதுன்னா, போன மூணு ஸ்பிரின்ட்ல நெசமா முடிஞ்ச பாயின்ட் (ஒவ்வொரு வேலையும் எவ்ளோ பெருசுன்னு டீம் போடுற மார்க்) 18, 22, 20ன்னா இந்தத் தடவ 20தான். 90 சதவீதம் முடிஞ்சதுக்கு பூஜ்யம். மொத தடவ இப்படிக் கணக்குப் போடும்போது வயித்தெரிச்சலாத்தான் இருக்கும், எங்க டீம்ல ஒருதடவ மொத்தமே 5தான் வந்துச்சு, யாரும் யார் மூஞ்சியயும் பாக்கல.

மேனேஜர் விஷயம். ஸ்பிரின்ட்ல எடுத்த லிஸ்ட்ட வாக்குறுதிங்கற மாதிரி சொல்லிட்டிருந்தத 2011லயே ஸ்க்ரம் கைடு, அதாவது இந்த ஸ்பிரின்ட் முறைக்கான கையேடு, கணிப்புன்னு மாத்திடுச்சு, அத எடுத்துக் காட்டுங்க, சண்டை போடாம.

நீளத்த மாத்தியே ஆகணும்னா ஒரு வாரமா கொறைங்க. வெறும் டேட்டாபேஸ வச்சுக்கிட்டு வாராவாரம் ரிவ்யூல நின்னு பாருங்க, அந்தக் கூச்சத்துலயே ரெண்டாவது வாரம் நீங்களா வேலைய ஒழுங்கா வெட்ட ஆரம்பிச்சிருவீங்க.