கார்புரேட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி: கராஜ் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல வீட்டிலேயே ரெப்ளிகா, அதாவது பழைய பிரபல மாடலோட நகல் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுறவங்க கேட்டதுதான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், எனக்கு கோப்ரா கார் மேல ரொம்ப நாள் ஆசை. ஒரு ஃபிரெண்டு முதல் வண்டிக்கு லோட்டஸ் செவன் மாதிரி சின்னதா கட்டுங்கிறான், இன்னொருத்தன் போர்ஷே ஸ்பீட்ஸ்டர் கட்டுங்கிறான். எது ஈஸி?

பதில்: ஆசை கோப்ரா மேலன்னா கடைசியில கோப்ராதான் கட்டுவீங்க, நான் சொல்லியா மாறப்போறீங்க. இருந்தாலும் மூணுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. 1957ல லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் செவனைக் கொண்டு வந்தப்பவே அது கிட்டாவும், அதாவது பிரிச்ச பாகங்களாவும் வித்துச்சு, ஏன்னா பிரிட்டன்ல முழு காருக்கு இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் பாகமா வாங்கிட்டுப் போய் வீட்ல கட்டினா கிடையாது. வீட்ல ஸ்பேனர் பிடிக்கிறவங்களுக்குன்னே பொறந்த வண்டின்னு சொல்லலாம். கதவுன்னு ஒண்ணு தனியா இல்ல, வளைஞ்ச பேனல் கம்மி, பாடி வேலை பாதியாயிடும். ஸ்பீட்ஸ்டருக்கு பெரும்பாலும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட ஃப்ளோர்பேன்தான், அதாவது தரைத்தகடுதான் அடி. பீட்டில் வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரம்) 2400 மில்லிமீட்டர், ஒரிஜினல் ஸ்பீட்ஸ்டரான போர்ஷே 356க்கு 2100, அப்ப அளவு சரியா வரணும்னா நடுவுல கிட்டத்தட்ட 300 மில்லி வெட்டி எடுத்துட்டு திரும்ப வெல்டு பண்ணணும், அது கோணலா உட்கார்ந்துச்சுன்னா ஆயுசுக்கும் வண்டி ஒரு பக்கமா நகர்ந்துக்கிட்டே போகும். பீட்டில் இன்ஜின் காத்துலயே குளிர்றதால ரேடியேட்டர் தலைவலி இல்லைங்கறது ஒரு பெரிய நிம்மதி. கோப்ரா கதை வேற. 1962ல ஏசிங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட ஏஸ் கார்ல அமெரிக்க ரேஸர் கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8 இன்ஜின் போட்டப்போ 4.2 லிட்டர்தான், அப்புறம் 4.7 ஆச்சு, 1965ல 7 லிட்டர் வந்தப்போ சேஸிஸோட மெயின் டியூபையே 3 இஞ்சுல இருந்து 4 இஞ்சுக்குப் பெருசாக்க வேண்டி வந்துச்சு. இதுலயே உங்களுக்கு பதில் இருக்கு. இன்ஜின் பெருசா கிடைக்குதேன்னு முதல்ல அதை வாங்கிப் போடாதீங்க, சேஸிஸ், பிரேக், டிஃபரன்ஷியல் மூணும் எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டு அதுக்கேத்த இன்ஜின் தேடுங்க. இன்னொண்ணு, டோனர் கார், அதாவது பாகம் கழட்டி எடுக்கிற பழைய கார் வாங்குறதுக்கு முன்னாடி நீங்க இருக்கிற இடத்துல இப்படிக் கட்டின வண்டியை என்ன மாதிரி ரெஜிஸ்டர் பண்ண விடுவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க. கட்டி முடிச்சுட்டு கேக்குறவங்கதான் ஜாஸ்தி.

கேள்வி: பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்கலா எரியுது, ஹெட்லைட் போட்டா ஃபியூவல் கேஜ் முள்ளு ஆடுது. ஒயரிங் லூம் (மொத்த ஒயர் கட்டு) புதுசு. எலக்ட்ரீஷியன் ரெண்டு பேர் பார்த்துட்டாங்க.

பதில்: பாடி ஃபைபர்தானே? அப்ப எர்த்துதான், வேற எதையும் தொடாதீங்க. சாதாரண கார்ல லைட்டை பாடியில ஸ்க்ரூ பண்ணினாலே எர்த் கிடைச்சிடும், உங்க வண்டியில அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்குல மாட்டியிருக்கு. கரண்ட் திரும்பிப் போக நேர்வழி இல்லாம பக்கத்துல இருக்கிற வேற பல்பு வழியா வழி தேடுது, அதனாலதான் ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு மினுக்குது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனியா கருப்பு ஒயர் இழுத்து, முன்னாடி ஒரு போல்ட், பின்னாடி ஒரு போல்ட்டுன்னு சேஸிஸ்ல பெயிண்டைச் சுரண்டிட்டு முறுக்குங்க, மேல கொஞ்சம் கிரீஸ். டேங்க்ல இருந்து பெட்ரோல் அளவை கேஜுக்கு அனுப்புற செண்டிங் யூனிட்டுக்கும் எர்த் வேணும், அதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் கராஜே கதின்னு கிடக்கிறார். வண்டி மட்டும் முடியற மாதிரி தெரியல. எப்பதான் முடியும் சார்?

பதில்: அம்மா, ஒரே ஒரு விஷயம் பாருங்க. வண்டி சொந்தக் கால்ல, அதாவது நாலு வீல்ல நிக்குதா, இல்ல இன்னும் ஸ்டாண்டு மேலயா? வீல்ல நின்னு, தள்ளினா உருண்டு, ஸ்டீயரிங் திரும்பினா பாதி கிணறு தாண்டியாச்சு. ஸ்டாண்டு மேலயே வச்சுக்கிட்டு டாஷ்போர்டுக்கு லெதர் தேடிக்கிட்டு இருந்தார்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவர் டூல்பாக்ஸ்ல ஒட்டிடுங்க.

கேள்வி: 2 லிட்டர் நாலு சிலிண்டர், ரெண்டு வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர். ஐடில்ல நல்லா நிக்குது, ஃபுல்லா மிதிச்சா பறக்குது. ஆனா மெதுவா ஆக்சிலேட்டர் குடுத்துட்டுப் போனா 2500ல இருந்து 3000 ஆர்பிஎம்முக்குள்ள இருமி, மிஸ்ஸிங் அடிச்சு, சில நேரம் கார்புரேட்டர் வழியாவே பட்டுனு வெடிக்குது. மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடுற துளை) பெருசு பெருசா மாத்திப் பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகல.

பதில்: ஆகாது. நீங்க சொல்ற ஆர்பிஎம்ல, அவ்வளவு லேசா மிதிக்கிறப்போ மெயின் ஜெட் இன்னும் முழுசா வேலைக்கே வந்திருக்காது. காத்தை விடுற மூடியான பட்டர்ஃப்ளை கொஞ்சமா திறக்கும்போது அதோட ஓரத்துல வரிசையா இருக்கிற சின்ன ஓட்டைங்க ஒவ்வொண்ணா வெளிப்படும், புரோக்ரஷன் ஓட்டைன்னு சொல்வாங்க, அதுக்குப் பெட்ரோல் போறது ஐடில் ஜெட் வழியாத்தான். பேர்தான் ஐடில் ஜெட், சாதாரணமா ரோட்ல ஓட்டுற நேரத்துல பாதிக்கு மேல இன்ஜின் குடிக்கிறது அதுலதான். கார்புரேட்டர் வழியா வெடிக்குதுன்னாலே பெட்ரோல் பத்தலன்னு சந்தேகப்படணும், ஐடில் ஜெட் சின்னதா இருக்கலாம், இல்ல அதுல தூசி அடைச்சிருக்கலாம்.

ஆனா இருங்க, ஜெட் வாங்க ஓடாதீங்க. கார்புரேட்டர் கடைசி ஆளு. முதல்ல வால்வ் கிளியரன்ஸ், கம்ப்ரஷன், அப்புறம் பிளக், அப்புறம் இக்னிஷன் டைமிங். டைமிங் லைட்டைப் பிடிச்சு ஐடில்ல மட்டும் பார்த்துட்டு விட்டுடறாங்க, அது பத்தாது, இன்ஜினை 3500 வரைக்கும் ஏத்தி அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் வர்றது, மொத்தமா எத்தனை டிகிரி போகுதுன்னு பாருங்க, இந்த மாதிரி பழைய ரெண்டு வால்வ் இன்ஜினுக்கு 32ல இருந்து 36 டிகிரிக்குள்ள எங்கயாவது வந்து நிக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அட்வான்ஸை ஏத்துற எடைக் குண்டு துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டு அட்வான்ஸே ஏறலன்னா நீங்க எந்த ஜெட் போட்டாலும் இழுவை இருக்காது.

டைமிங் சரின்னா பெட்ரோல் பிரஷர். வெபருக்கு 3 பிஎஸ்ஐ கிட்ட போதும், எலக்ட்ரிக் பம்ப்பை ரெகுலேட்டர் இல்லாம நேரா விட்டீங்கன்னா நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டு உள்ள வழியும். அடுத்தது ஃப்ளோட் லெவல், அதாவது உள்ள பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையோட உயரம், கார்புரேட்டர்ல எந்த ஃப்ளோட் இருக்குன்னு பார்த்து அதுக்கான அளவுல வைங்க, பித்தளைக்கு ஒரு அளவு, பிளாஸ்டிக்குக்கு வேற. அப்புறம்தான் சிங்க், அதாவது ரெண்டையும் ஒரே மாதிரி காத்து இழுக்க வைக்கிறது. ரெண்டு கார்புரேட்டரையும் சேர்க்கிற லிங்க்கைக் கழட்டிட்டு, காத்தை அளக்கிற சிங்க்ரோமீட்டரை கார்புரேட்டர் வாயில இருக்கிற ஒவ்வொரு ஹார்ன் குழாயிலயும் வச்சு காத்து ஒரே அளவு இழுக்குதான்னு பார்த்து சமமாக்கிட்டு, லிங்க்கை இறுக்கிட்டு மறுபடியும் பாருங்க, இறுக்கும்போதே மாறிடும் அந்தக் கழுதை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ரப்பர் ஓரிங் வச்ச மவுண்ட் இருந்தா நட்டை முழுசா முறுக்கிடாதீங்க, அந்த ஸ்பிரிங் வாஷர் சுருள் நடுவுல கொஞ்சம் இடைவெளி தெரியணும், இல்லன்னா இன்ஜின் அதிர்வுல ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் நுரைச்சுடும்.

இவ்வளவும் பண்ணிட்டு ஐடில் மிக்சர் ஸ்க்ரூவுக்கு வாங்க. ஒவ்வொண்ணா மெதுவா உள்ள திருப்புங்க, இன்ஜின் தடுமாறும், அங்கிருந்து வெளிய திருப்புங்க, ஆர்பிஎம் நல்லா ஏறி நிக்கிற இடத்துல விடுங்க. வழக்கத்தை விட ரொம்ப தூரம் வெளிய வந்தப்புறம்தான் சரியா நிக்குதுன்னா ஐடில் ஜெட் சின்னதுன்னு ஸ்க்ரூவே சொல்லிடுச்சு. ஜெட் மேல 50எஃப்8ன்னு போட்டிருந்தா 50ங்கறது பெட்ரோல் ஓட்டை 0.50 மில்லி, எஃப்8ங்கறது காத்து ஓட்டையோட டைப். காத்து டைப்பை அப்படியே வச்சுக்கிட்டு 55க்குப் போய்ப் பாருங்க, இருமல் நின்னா முடிஞ்சுது வேலை. எக்சாஸ்ட்ல ஒரு வைட்பேண்ட் சென்சார் மாட்டிட்டீங்கன்னா ஊகமே வேண்டாம், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துன்னு அது சொல்லிடும், ஃபுல் த்ராட்டில்ல 12.5ல இருந்து 13க்குள்ள வரணும், நிதானமா ஓட்டும்போது 14 கிட்ட இருந்தா போதும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்தினதை நோட்டுல எழுதுங்க. மெயின் ஜெட்டைப் பழைய சைஸுக்கே கொண்டு போங்க, இப்ப ஃபுல்லா மிதிச்சா பறக்குதுன்னு நீங்க நினைக்கிறது கூட அனாவசியமா பெட்ரோல் குடிச்சுக்கிட்டுதான் இருக்கும்.

கேள்வி: ஓடிக்கிட்டிருந்தா டெம்பரேச்சர் முள்ளு அசையறதில்ல, டிராஃபிக்ல நின்னா ஏறுது. பெரிய ரேடியேட்டர் போடட்டுமா?

பதில்: வேண்டாம். ஓடும்போது குளிருதுன்னா ரேடியேட்டர் போதும்னுதான் அர்த்தம், நிக்கும்போது காத்துதான் வரல. ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒரு பேப்பரைக் கிட்ட வச்சுப் பாருங்க, ஒயர் மாத்திக் குடுத்து எதிர்ப்பக்கம் சுத்துற வண்டி நிறைய. ஃபேனைச் சுத்தி ஷ்ரவுட், அதாவது காத்தை ரேடியேட்டர் வழியா இழுக்க வைக்கிற கூடு இல்லன்னா அதையும் போடுங்க. ரெப்ளிகாவுல மூக்கு தாழ்வா இருக்கும், ரேடியேட்டர் இன்ஜினை விடக் கீழ உட்காரும், அதனால எக்ஸ்பான்ஷன் டேங்க் எல்லாத்துக்கும் மேல இருந்தே ஆகணும், இல்லன்னா ஏர் லாக், அதாவது தண்ணிக்குள்ள மாட்டின காத்து போகவே போகாது.

கேள்வி: அண்ணா, செவன் மாதிரி வண்டி. வலது பக்கம் வளைச்சா முன்பக்கம் திரும்பாம அகலமா போகுது, இடது பக்கம் வளைச்சா பின்பக்கம் வழுக்குது. அலைன்மென்ட் பண்ணியாச்சு. நான் உள்ள உட்கார்ந்து நாலு ஸ்கேல்ல எடை போட்டேன்: முன் இடது 172, முன் வலது 148, பின் இடது 158, பின் வலது 182 கிலோ.

பதில்: தம்பி, எடை போட்டுட்டு கேட்டீங்களே, அதுக்கே ஒரு சபாஷ். மொத்தம் 660 கிலோ. இடது பக்கம் 330, வலது பக்கம் 330, அடிச்சு வச்ச மாதிரி சமம், அதனால சந்தேகமே வந்திருக்காது. குறுக்கா கூட்டிப் பாருங்க. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 306, மத்த ரெண்டும் 354. அதாவது 46 சதவீதம்தான் ஒரு குறுக்குல இருக்கு, ரோட்ல ஓட்டுற வண்டிக்கு 50 வேணும். ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி உங்க வண்டி ரெண்டு மூலையில நிக்குது. வலது பக்கம் வளைக்கும்போது வெளிப்பக்க முன் டயர்ல ஏற்கெனவே பாரம் அதிகம், அது திணறுது. அவசரமா பிரேக் அடிச்சா முன் வலது வீல் முதல்ல லாக் ஆகுமே, கவனிச்சீங்களா?

முன் வலதுலயும் பின் இடதுலயும் ஸ்பிரிங் சீட்டை, அதாவது ஸ்பிரிங் உட்கார்ற தட்டைக் கொஞ்சம் மேல ஏத்துங்க, மத்த ரெண்டுலயும் அதே அளவு இறக்குங்க, அப்பதான் உயரம் மாறாது. வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற ஆன்டி ரோல் பாரோட லிங்க்கைக் கழட்டிட்டுதான் இதைப் பண்ணணும், அது முறுக்கிக்கிட்டு நின்னா எடை பொய் சொல்லும். டயர் காத்து சரியா வச்சுட்டு, தரை மட்டமா இருக்கான்னு பார்த்துட்டு, ஒவ்வொரு தடவை திருப்பினப்புறமும் வண்டியை முன்னப்பின்ன உருட்டி, நீங்களே சீட்ல உட்கார்ந்து, வேற ஆளை விட்டு எடையைப் படிக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்கணும், முன்னாடி பண்ணினது இப்ப செல்லாது. வரிசை தப்பினா இப்படித்தான் ஒரே வேலைக்கு ரெண்டு தடவை செலவு.

கேள்வி: பிரேக் பெடல்ல பயாஸ் பார் (முன் பின் பிரேக்குக்கு விசையைப் பிரிக்கிற கம்பி) இருக்கு. முன்னாடிக்கு எவ்வளவு, பின்னாடிக்கு எவ்வளவு?

பதில்: நம்பர் சொல்ல முடியாது, வண்டிக்கு வண்டி மாறும். ஆளில்லாத இடத்துல, ஈரத்துலயும் காஞ்ச தரையிலயும் தனித்தனியா அடிச்சுப் பார்த்து, ரெண்டுலயும் முன் வீல் முதல்ல லாக் ஆகுற மாதிரி வச்சுப் பூட்டிடுங்க. பின் வீல் முதல்ல லாக் ஆனா வண்டி சுத்தி நிக்கும்.

கேள்வி: இன்ஜினை ஃபுல்லா பிரிச்சுக் கட்டியிருக்கேன், வால்வைத் திறக்கிற கேம் புதுசு, அது தள்ளுற டாப்பெட்டும் புதுசு. இந்த வாரம் முதல் ஸ்டார்ட். ஏதாவது சொல்லுங்க.

பதில்: பிளக் எல்லாத்தையும் கழட்டி, காயிலுக்கு கரண்ட்டைக் கட் பண்ணிட்டு, ஆயில் பிரஷர் முள்ளு ஏறுற வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. ஃப்ளாட் டாப்பெட்டா இருந்தா பிடிச்சதும் ஐடில்ல விடவே கூடாது, 2000, 2500ன்னு ஏத்தி இறக்கி 20 நிமிஷமாவது ஓட்டணும், ஐடில்ல கேம்முக்கு ஆயில் தெறிக்கறது பத்தாது. அதனால ரேடியேட்டர்ல தண்ணி, டைமிங், பெட்ரோல் லீக் எல்லாம் முன்னாடியே பார்த்து வைங்க, கூட ஒரு ஆள், கையில தீயணைக்கிற சிலிண்டர்.

கேள்வி: ஒரிஜினல் பேட்ஜ் கிடைக்குது, மாட்டலாமா?

பதில்: ஒரிஜினல் கோப்ரா அறுபதுகள்ல மொத்தமே ஆயிரம் கிட்டதான் செஞ்சாங்க, அதைத் தெரிஞ்சவன் உங்க பேட்ஜைப் பார்த்து ஏமாறப்போறதில்ல, தெரியாதவனுக்கு பேட்ஜே தேவையில்ல. அந்தப் பேருக்கெல்லாம் டிரேட்மார்க் இருக்குங்கறதையும் மறந்துடாதீங்க. என்னைக் கேட்டா சும்மா விட்டுடுங்க. என்னைக்காவது வித்தா ரசீதுல ரெப்ளிகான்னு எழுதிக் குடுங்க, அது போதும்.