எலும்பு ஒட்டு சிகிச்சைக்கு மொத்தக் கடன் இப்போதே வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 52. திருவட்டாறு பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர். நானே பால் வெட்டுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். இப்போது இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கப் போனால், எலும்பு தேய்ந்துவிட்டது, முதலில் போன் கிராஃப்ட், அதாவது எலும்பு ஒட்டு, செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். கிராஃப்ட் 31,000, இம்ப்ளான்ட் 40,000, மேலே மாட்டும் கேப் 24,000. மொத்தம் 95,000 ரூபாய். கிளினிக்கிலேயே 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டு, பிராசசிங் கட்டணம் 3,000. தவணை எடுக்காவிட்டால் 5,000 குறைப்பார்களாம். கையில் 40,000 இருக்கிறது. வெட்டு நடக்கும் மாதங்களில் 6,000 மிச்சம் பிடிக்கலாம். மகளின் காலேஜ் பீஸுக்கு ஒரு லட்சம் டெபாசிட் கிடக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடன் எடுக்கவா, டெபாசிட்டை உடைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். காரணம் உங்கள் சிகிச்சையிலேயே இருக்கிறது. ஒட்டு வைத்த எலும்பு இறுகப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதன் பிறகுதான் இம்ப்ளான்ட். அது எலும்போடு சேர மேலும் மூன்று மாதமாவது போகும், அப்புறம்தான் கேப். 95,000 ரூபாயும் ஒரே நாளில் தேவைப்படும் செலவு இல்லை. ஆனால் இந்தத் தவணைத் திட்டத்தில் நிதி நிறுவனம் பெரும்பாலும் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கிளினிக்குக்குக் கொடுத்துவிடும், உங்கள் தவணை அடுத்த மாதமே ஓட ஆரம்பிக்கும். மாதம் ஏறத்தாழ 7,917 ரூபாய். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் அது நிற்காது. நடுவில் ஒட்டு சேராமல் போனாலோ, நீங்கள் டாக்டரை மாற்றினாலோ கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. உங்கள் கணக்கையே பாருங்கள். கட்டணம் 3,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540, இழக்கும் தள்ளுபடி 5,000. ஆக 8,540 ரூபாய்.

சரி, வேறு வழி? செப்டம்பரில் கிராஃப்ட் செய்தால் கைப்பணத்திலிருந்து 31,000 கொடுங்கள். மீதி 9,000-ஐத் தொடாதீர்கள். மருந்து, பயணம், அப்புறம் பலரும் மறக்கும் ஒரு செலவு அதில்தான் போகவேண்டும்: முதல் சில நாள் பாரம் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரும் வேலையும் ஆகாது. அந்த நாட்களில் வெட்டவும் பாலை ரப்பர் ஷீட்டாக அடிக்கவும் ஆள் கூலி கொடுக்கவேண்டி வரும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதம் 6,000 வீதம் தபால் நிலையத்திலோ வங்கியிலோ சேர்த்தால் 30,000. வடகிழக்குப் பருவமழையில் வெட்டு குறைந்தால் கொஞ்சம் குறையும். மார்ச்சில் இம்ப்ளான்டுக்குத் தேவை 40,000. வீட்டில் வளையல் இருந்தால், குறையும் 10,000-க்கு கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் ஆறு மாத வட்டி 500 ரூபாய்தான். ஏப்ரலுக்குப் பிறகு வரும் மிச்சத்தில் கேப்பை முடித்து, செப்டம்பருக்குள் நகையையும் மீட்டுவிடலாம். 5,000 தள்ளுபடி கட்டம் கட்டமாகக் கொடுத்தாலும் உண்டா என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். விபத்தில் அடிபட்டதால் செய்யும் சிகிச்சை தவிர, பல் சிகிச்சையை நம் நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை விலக்கி வைத்திருக்கின்றன. பாலிசியின் விலக்குகள் பக்கத்தை ஒரு தடவை படியுங்கள், அது போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் சர்க்கரைதான். அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்றும் வரலாம். புகையோ, வெற்றிலையோடு புகையிலையோ இருந்தாலும் அப்படித்தான். ஒட்டு கெட்டால் அந்த 31,000 திரும்பவும் செலவாகும். ஆகவே தேதி குறிக்கும் முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையைச் செய்து, உங்கள் சர்க்கரை டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். கூட ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். சேமிப்பும் கூடும்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவையும் உண்டு. ஸ்கேன், ஒட்டுப்பொருள், அதன் மேல் போடும் மெல்லிய சவ்வு எல்லாம் அந்த 31,000-க்குள் அடக்கமா? திறந்து பார்க்கும்போது கூடுதல் பொருள் தேவைப்பட்டால் எவ்வளவு? ஒட்டு சேராவிட்டால் மறுபடியும் முழுக் கட்டணமா? பதிலைத் தாளில் வாங்குங்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கேயும் ஒரு கருத்தும் மதிப்பீடும் கேளுங்கள். கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் செலவு பொதுவாகக் குறையும், நடை மட்டும் கூடும். பக்கத்துப் பற்களைப் பிடித்து இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் கட்டினால் போதுமா என்றும் அங்கே கேட்டுவிடுங்கள். போதும் என்று அவர்கள் சொன்னால் மேலே போட்ட கணக்கே தேவைப்படாது.