கைய ஆட்டுனா வாய் தெறக்காதா?

கேள்வி: அக்கா, என் மவனுக்கு ஆறு வயசு, பொறந்ததுல இருந்தே காது கேக்காது, மெஷின் மாட்டியும் பெருசா பிரயோஜனம் இல்ல. பாளையங்கோட்டையில காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு நான் சொல்லுதேன், எங்க அத்த 'கைய ஆட்டிப் பழகிட்டான்னா பெறவு வாயே தெறக்க மாட்டான்'னு ஒத்தக்கால்ல நிக்காங்க. யூட்யூப்ல க்யூட் ஸ்பீச்னு ஒண்ணு பாத்தேன், அதுலயும் கையத்தான் ஆட்டுதாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?
- ஒரு வாசகி, ஆலங்குளம்

பதில்: ஒண்ணு இல்ல தாயி. அது க்யூட்டும் இல்ல, க்யூடு ஸ்பீச். க்யூன்னா குறிப்பு.

சைகை மொழி தனி மொழி, தமிழ அப்படியே கையால போடுறது இல்ல. நம்ம நாட்டு சைகையில 'என்ன', 'எங்க' எல்லாம் கடைசியிலதான் வரும், பாதி இலக்கணம் புருவத்துலயும் மூஞ்சியிலயும் இருக்கு. உங்க அத்த பயம் புதுசும் இல்ல. 1880-லயே மிலான்ல வாத்தியாருங்க மாநாடு கூடி வாய்ப்பேச்சுதான் ஒசத்தி, சைகை வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க, அதனால எத்தனையோ நாட்டுல வகுப்புக்குள்ள சைகைய ஒதுக்கிட்டாங்க. 130 வருசம் கழிச்சு 2010-ல வான்கூவர்ல அதே மாநாடு கூடி அது தப்புன்னு வருத்தம் சொல்லிச்சு.

க்யூடு ஸ்பீச் 1966-ல அமெரிக்காவுல ஆரின் கார்னெட்னு ஒருத்தர் உண்டாக்குனது. காது கேக்காத பிள்ளைங்களுக்கு வாசிப்பு ஏன் இவ்வளவு தகராறா இருக்குன்னு யோசிச்சவரு. நீயே கண்ணாடி முன்னால நின்னு சத்தமில்லாம 'பாடு', 'மாடு'ன்னு சொல்லிப் பாரு, உதட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதப் பிரிச்சுக் காட்டத்தான் வாய்கிட்ட கைய வைக்காங்க, இங்கிலீசுக்கு மெய்யெழுத்து சத்தத்துக்கு 8 கை வடிவம், உயிர் சத்தத்துக்கு முகத்துப் பக்கத்துல 4 இடம். ஆக அது மொழி இல்ல, வாயில வாரத கண்ணுக்குக் காட்டுற வழி.

நம்ம தமிழுக்கு இது எவ்வளவு தேவைன்னு யோசிச்சா ஆசையாத்தான் இருக்கு, ஏன்னா வீட்டுக்கு, வீட்டுல, வீட்டவிட்டுன்னு நாம எல்லாத்தையும் வாலுலதான வச்சிருக்கோம், உதட்டப் பாக்கிற பிள்ளைக்கு அந்த வாலுதான் நழுவிப்போகுது, அதான் எழுதும்போது 'நான் வீடு போ'ன்னு எழுதுதான், அது மந்தம் இல்ல. இதுல புத்தகத்துல 'செல்கின்றான்', வீட்டுல 'போறான்', கேக்கிற பிள்ளைக்கே இது தலவலி.

ஆனா க்யூடு ஸ்பீச் நம்ம பக்கம் புழக்கத்துல இல்ல, அதத் தேடி ஒரு வருசத்த விட்றாத. ஆறு வயசாச்சு, அவனுக்கு இப்ப முழுசா ஒரு மொழி வேணும், அது சைகைதான். அது கையில இருந்தாத்தான் 'வீட்டுக்கு'க்கும் 'வீட்டுல'க்கும் என்ன வித்தியாசம்னு அவனுக்கு விளக்கவே முடியும். சிலேட்டுல எழுதிக் காட்டு, சைகையில சொல்லு, மாத்தி மாத்தி. பேச்சுப் பயிற்சியும் கூடவே நடக்கட்டும், ஒண்ணு இன்னொண்ணக் கெடுக்காது. டெல்லியில இருக்கிற இந்திய சைகை மொழி மையம் 10,000 சொல்லுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கு, காசு கிடையாது, ஆனா பள்ளிக்கூடத்துல வேற மாதிரி காட்டுனாங்கன்னா அதையே பிடிச்சுக்கோ.

அத்தகிட்ட சண்டைக்குப் போவாத. 'பசிக்கு', 'ஆச்சி வா' ரெண்டு சைகைய மட்டும் அவன வச்சே அவங்களுக்குச் சொல்லிக்குடு.