பைன்ஃபோனில் இணைய அழைப்பு வெளியே போகிறது, உள்ளே வருவதில்லை. எந்தச் செயலி போட வேண்டும்?

கேட்டவர் சொல்வது இதுதான். கையில் பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைபேசி, அதில் மொபியன் என்ற இயங்குதளம், ஃபோஷ் என்ற முகப்பு. எஸ்ஐபி (இணைய அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) கணக்கு போட்டாயிற்று. இவர் கூப்பிட்டால் போகிறது. இவரைக் கூப்பிட்டால் எப்போதாவது மணி அடிக்கிறது, பெரும்பாலும் அடிப்பதில்லை. மூன்று செயலி மாற்றிப் பார்த்தும் அப்படியேதான் இருக்கிறதாம்.

செயலி மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். திரை அணைந்து சில நிமிடம் ஆனதும் உங்கள் ஃபோன் தூங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தச் செயலிக்கும் எதுவும் காதில் விழாது. சோதித்துப் பாருங்கள்: சார்ஜர் இல்லாமல், திரையை எரியவிட்டு, வேறு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள். மணி அடிக்கும். திரையை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள். அடிக்கவில்லை என்றால் நோய் தெரிந்துவிட்டது.

காரணம் இது. பைன்ஃபோனில் இருப்பது ஆல்வின்னர் ஏ64 என்ற சிப். தூங்கும்போது அதன் நான்கு கோர்டெக்ஸ் ஏ53 கோர்களும் நின்றுவிடும். க்ரஸ்ட் என்ற சின்ன ஃபர்ம்வேர் மட்டும் உள்ளே இருக்கும் தனிக் குட்டிக் கோரில் ஓடிக்கொண்டு, யார் எழுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். சிம் அழைப்பு வந்தால் எழுப்ப ஆள் உண்டு. குவெக்டெல் இஜி25 மோடம் தனக்கென்று தனி பிராசசரும் தனி லினக்ஸும் வைத்திருக்கும் ஒரு முழுக் கணினி, அது தூங்குவதில்லை. அழைப்பு வந்ததும் ஒரு கம்பியை இழுத்து ஃபோனை எழுப்பிவிடும். வைஃபை பக்கம் வழக்கமான அமைப்பில் அப்படி ஆள் இல்லை. உங்கள் சர்வர் அனுப்பும் அழைப்புப் பாக்கெட் ரூட்டர் வரை வந்து, அங்கேயே கிடந்து காலாவதியாகும்.

"2009இல் வந்த நோக்கியா என்900 பாக்கெட்டில் கிடந்தபடியே எஸ்ஐபி அழைப்பு வாங்கியதே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 600 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், 1320 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. அதில் அது நடந்தது. அந்தக் கருவி மொத்தமாகத் தூங்குவதே இல்லை. வேலை இல்லாத ஒவ்வொரு கணமும் சிப்பின் பகுதிகளை அணைத்து, வேலை வந்ததும் திரும்பத் திறக்கும்படி அதன் ஓமாப் சிப்புக்கென்றே கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, செதுக்கியிருந்தார்கள். ஏ64க்கு அந்த அளவு வேலை நடக்கவில்லை. ஆகவே இங்கே விழித்திருப்பது அல்லது ஒரேயடியாகத் தூங்குவது என்று இரண்டே நிலை.

"ஆண்ட்ராய்டு வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கீழே எழுத வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு இணைப்பைக் கூகுள் எந்நேரமும் திறந்து வைத்திருக்கிறது. அழைப்பு வந்தால் அதன் வழியாக ஒரு தட்டு, செயலி எழுந்துகொள்ளும். அந்த வசதியின் விலை, யார் எப்போது தட்டினார்கள் என்பது மூன்றாமவர் ஒருவருக்குத் தெரிவது. அது வேண்டாம் என்றுதான் இவர் லினக்ஸ் ஃபோன் வாங்கியிருப்பார். வாங்கிய பொருளை வைத்து என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

வழி இரண்டு. முதலாவது, தூங்கவிடாமல் வைப்பது. அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குப் போய், தானாகத் தூங்குவதைப் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் அணையுங்கள். திரை அணையலாம், தவறில்லை. இதற்கு எவ்வளவு செலவாகிறது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். சிஸ் கோப்புறைக்குள் பவர் சப்ளை பிரிவில், பேட்டரிக்கான கோப்புகளில் 'கரண்ட் நவ்' என்று ஒன்று இருக்கும். சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலம் அதைப் படியுங்கள். எண் மைக்ரோஆம்பியரில் வரும். 250000 என்று காட்டினால் 250 மில்லியாம்பியர். பேட்டரி 3000 மில்லியாம்பியர்-மணி என்பதால் கணக்குக்கு 12 மணி நேரம், பழைய பேட்டரியில் அதைவிடக் குறைவு. மேசையில் சார்ஜரோடு வைத்து வீட்டுத் தொலைபேசியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதோடு வேலை முடிந்தது.

வெளியே எடுத்துப் போகிறவர் என்றால் இரண்டாவது வழி: ஃபோன் தூங்கட்டும், சர்வர் சிம் எண்ணைக் கூப்பிடட்டும். அழைப்புகளை நிர்வகிக்கும் அஸ்டெரிஸ்க் சர்வர் வைத்திருந்தால், 30 நொடிக்கு ஒருமுறை ஃபோன் பதில் சொல்கிறதா என்று சர்வரே விசாரிக்கும்படி 'குவாலிஃபை' இடைவெளியை வையுங்கள். பதில் இல்லை என்றால் எஸ்ஐபியில் மணி அடித்து நேரம் கடத்தாமல், உடனே ட்ரங்க் (சர்வரை வெளித் தொலைபேசி வலையோடு இணைக்கும் தடம்) வழியாக உங்கள் கைபேசி எண்ணுக்குத் திருப்புங்கள். அந்தப் பகுதிக்குக் கட்டணம் உண்டு. மணி அடிக்கும் நேரத்தைக் குறைந்தது 40 நொடி கொடுங்கள். ஃபோன் விழித்து, மோடம் யுஎஸ்பியில் மறுபடி தெரிந்து, திரையில் பெயர் வருவதற்குள் பல நொடிகள் போய்விடும். 20 நொடியில் துண்டித்தால் தவறிய அழைப்பு மட்டுமே மிஞ்சும்.

விழித்திருந்தும் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் நேட்டில், அதாவது வீட்டு உள்முகவரியை ரூட்டர் வெளிமுகவரியாக மாற்றும் இடத்தில், இருக்கும். எஸ்ஐபி பதிவின் வழக்கமான ஆயுள் 3600 நொடி. ஆனால் இணைப்பே இல்லாமல் பாக்கெட் அனுப்பும் யூடிபி வழியைப் பல ரூட்டர்கள் ஒரு நிமிடம் கூடத் திறந்து வைப்பதில்லை. சர்வர் கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் வழி மூடிக் கிடக்கிறது. யூடிபியை விட்டு, டிசிபி இணைப்பின் மேல் பூட்டிய உறையில் அனுப்பும் டிஎல்எஸ், போர்ட் 5061க்கு மாறுங்கள். டிசிபி இணைப்பை ரூட்டர்கள் அதிக நேரம் காப்பாற்றும்; அடிக்கடி தட்டி எழுப்பவும் வேண்டாம்.

ஒரு அறிகுறியை மட்டும் மனதில் வையுங்கள். பேச்சு நன்றாகத் தொடங்கி, சரியாக 32 நொடியில் அறுந்தால் அது சிக்னல் கோளாறு இல்லை. அழைப்பை எடுத்ததற்கான ஒப்புகை, எடுத்த முனைக்கு வந்து சேரவில்லை. எஸ்ஐபியின் கடிகாரம் அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி காத்திருந்து அழைப்பை முடித்துவிடும். குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், அழைப்பு விவரத்தில் உங்கள் வீட்டு உள்முகவரி அப்படியே போயிருக்கிறது என்று பொருள். அஸ்டெரிஸ்க் பக்கம் 'டைரக்ட் மீடியா' அணைத்து, 'ரீரைட் கான்டாக்ட்', 'ஆர்டிபி சிமெட்ரிக்' இரண்டையும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

இந்த இரண்டு கோளாறுக்கும் அடிக்கடி பின்னால் இருப்பது ரூட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி, அதாவது எஸ்ஐபி பாக்கெட்டைத் திறந்து திருத்தும் வசதி. உதவுகிறேன் பேர்வழி என்று பாக்கெட்டுக்குள் கையை விட்டு முகவரியைத் தவறாக மாற்றிவைக்கும். அணைத்தால் போதும். ஆனால் இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரூட்டர்களில் அந்தப் பக்கத்தையே மறைத்து வைக்கிறார்கள், நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவரின் வீட்டில், அவர் செலவில் ஓடும் பெட்டி அது. அதில் ஒரு டிக்கை எடுக்க அவருக்கு உரிமை இல்லை என்பதை எந்த வாடிக்கையாளர் சேவையும் நியாயப்படுத்த முடியாது. கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடவுச்சொல் கிடைக்காதவர்களுக்கும் டிஎல்எஸ்தான் வழி. பூட்டிய உறையை ஏஎல்ஜியால் பிரித்துப் படிக்க முடியாது.

இனி குரல். சிம் அழைப்பில் குரல் மோடத்திலிருந்து நேராக ஆடியோ சிப்புக்குப் போய்விடும். இணைய அழைப்பில் எல்லாம் பிராசசர் வழியாக வர வேண்டும், ஆகவே இங்கே கோளாறுக்கு இடம் அதிகம். மறுமுனையில் எதிரொலி கேட்கிறது என்றால், சத்தம் கீழே இருக்கும் ஸ்பீக்கரில் வருகிறது. பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து வெளியீட்டுப் பகுதியில் 'இயர்பீஸ்' என்று மாற்றுங்கள். கம்பியுள்ள ஹெட்செட் இன்னும் நல்லது. ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம்: வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ரியல்டெக் சிப்பில், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் ஒன்றையொன்று நெருக்கும்.

குரல் விட்டுவிட்டு வந்தால் வைஃபையின் மின்சேமிப்பைப் பாருங்கள். ரூட்டர் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்புகிறது. சேமிப்பில் இருக்கும் ஃபோன் அதுவரை கண்ணை மூடிக்கொள்ளும். குரல் பாக்கெட்டோ 20 மில்லிநொடிக்கு ஒன்று. ஐந்து பாக்கெட் தேங்கி ஒரே நேரத்தில் கொட்டும், காதில் வெட்டு வெட்டாகக் கேட்கும். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் அது நிற்கும். 3 என்றால் சேமிப்பு ஓடும்.

குரலைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக்கில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. ஜி.711இல் பாக்கெட்டுக்கு 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு, நொடிக்கு 50 பாக்கெட். ஒரு திசைக்கு 80 கிலோபிட். ஓபஸ் 24 கிலோபிட்டில் வைத்தாலும் தலைப்போடு 40 ஆகிவிடும். வீட்டு வைஃபையில் ஜி.711 போதும். மொபைல் டேட்டாவில் ஓபஸ்.

செயலி எது என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். ஃபோஷோடு வரும் கால்ஸ் செயலியின் 41ஆம் பதிப்பிலிருந்து எஸ்ஐபி உள்ளேயே இருக்கிறது. வீட்டுச் சர்வர் ஒன்றோடு மட்டும் பேச அதுவே போதும். நேட்டைத் தாண்ட வேண்டும், ஓபஸ் வேண்டும் என்றால் பேர்சிப் என்ற செயலி. எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பில்தான் அமைக்க வேண்டும். கடைசியாக, மறுமுனைக்கு உங்கள் குரல் சுத்தமாகவே போகவில்லை என்றால் மென்பொருளைத் தொடும் முன் பின்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஆறு குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். மூன்றாவது மைக், ஆறாவது ஹெட்ஃபோன். ஆறாவது அணைந்திருந்தால் ஹெட்ஃபோன் துளை சீரியல் போர்ட்டாக மாறிவிடும்; என்ன செய்தாலும் அதில் சத்தம் வராது.